மறுமொழி: முன்சூல்வலிப்பு – மாற்றுச் சொல் வேண்டுமா?

> அகராதியில் முன்சூல்வலிப்பு இருக்கும்போது புதிதாக எதற்கு?

ஐயா, வணக்கம். கர்ப்பத்தில் இரத்தக் கொதிப்பு ஏறி மற்ற உறுப்புகளையும் பாதிக்கும் ப்ரீஎக்லாம்ப்சியாவைத்தான் முன்சூல்வலிப்பு என்கிறோம். பட்டர்வொர்த்தில் தாய்மாருக்கான துண்டறிக்கை ஒன்றில் அந்தச் சொல்லைப் போட்டுப் பார்த்ததால்தான் எழுதுகிறேன். யாருக்கெல்லாம் ஆபத்து அதிகம் என்ற பகுதி: தலைப்பிரசவம், இரட்டைக் கரு, 40 வயதுக்கு மேல், உடல் பருமன், ஏற்கெனவே இருக்கும் இரத்தக் கொதிப்பு, இனிப்புநீர் (நீரிழிவு), சிறுநீரகக் கோளாறு. அடுத்தது, போன கர்ப்பத்தில் இதே நோய் வந்தவர்கள். சூல் என்றால் கர்ப்பம்; "முன்சூலில் முன்சூல்வலிப்பு" என்று எழுதிவிட்டு நானே விழித்தேன். முன்சூலில் வந்த வலிப்பா, சூல்வலிப்புக்கு முந்திய நிலையா?

என் அண்ணியிடம் நீட்டினேன். மூன்றாவது பிள்ளைக்கு மாசமாக இருக்கிறார். "எனக்கு வலிப்பெல்லாம் வந்ததே இல்லையேம்மா" என்று மடித்து வைத்துவிட்டார். போன தடவை 20 வாரத்துக்குப் பிறகு இரத்த அழுத்தம் 140/90-ஐத் தாண்டி, சிறுநீரில் புரதமும் இறங்கியவர் அவர். மறுபடி வராமலிருக்க 16 வாரத்துக்குள் ஆஸ்பிரின் தொடங்கலாமா என்று டாக்டரிடம் கேட்கவேண்டியவர். மிஸ்ஸி (தாதி) பிங்க் புத்தகத்தில், அதாவது கர்ப்பகாலப் பதிவேட்டில், எழுதியது அவருக்கு வெறும் 'டாரா திங்கி' (மலாயில் இரத்தக் கொதிப்பு). வலிப்பு வராமல் தடுக்கத்தானே இத்தனை பாடு? அதையே பெயராக வைத்தால், வலிப்பு வராதவர் தனக்கில்லை என்றுதான் நினைப்பார்.

'நச்சுக்குருதி' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். இரத்தத்தில் நஞ்சு கலந்திருப்பதாக நம்பிய காலத்துப் பெயர் அது; அப்படியொரு நஞ்சு அகப்படவேயில்லை. ஆனால் வேடிக்கை பாருங்கள், கோளாறு தொடங்குவது நஞ்சுக்கொடியில்! அதற்கு இரத்தம் கொண்டுவரும் கருப்பையின் இரத்தக் குழாய்கள் போதிய அளவு விரிந்துகொடுப்பதில்லை. 'நஞ்சுக்கொதிப்பு' என்றால் அச்சாகப் பொருந்தும். வைக்கத்தான் மனம் வரவில்லை; பிள்ளைத்தாய்ச்சி காதில் நஞ்சு என்று விழுந்தால் கொதிப்பு இன்னும் ஏறும்.

என் பரிந்துரை 'சூற்கொதிப்பு'. அழுத்தம் மட்டும் கூடினால் கர்ப்பகால இரத்தக் கொதிப்பு என்றே இருக்கட்டும். கூடவே சிறுநீரில் புரதமோ, கல்லீரல், சிறுநீரகப் பாதிப்போ சேர்ந்தால் சூற்கொதிப்பு. வலிப்பே கண்டுவிட்டால் சூல்வலிப்பு (எக்லாம்ப்சியா).

---

அம்மா, முன்சூல் சிக்கலை ஒப்புக்கொள்கிறேன். கொதிப்புதான் உறுத்துகிறது. இரத்தம் கொதிப்பதில்லையே! 'சூல்மிகையழுத்தம்' என்றால் பாடநூலில் நிற்கும்.
– பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து

---

நிற்கும் ஐயா, வாயில் நிற்காது. அப்புறம், அதில் அழுத்தம் மட்டும் உள்ளதா, புரதமும் சேர்ந்ததா என்ற வேறுபாடு போய்விடும். எக்லாம்ப்சியா என்ற கிரேக்கச் சொல்லுக்குச் சட்டென்று ஒளி வெட்டுதல் என்று பொருள். அங்கே மட்டும் மின்னலா அடிக்கிறது?

---

சரி, மின்னலுக்கு நான் மடங்கினேன். அண்ணியிடம் சொல்லிப் பார்த்தீர்களா?

---

பார்த்தேன். "சூல்னா என்னம்மா?" என்றார். பிள்ளைத்தாய்ச்சிக் கொதிப்பு என்றதும், "அட, போன தடவை எனக்கு வந்ததா?" என்று துண்டறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அடைப்புக்குறிக்குள் அதையும் போடட்டுமா?