அமிகா லைப்ரரிக்குள் போனால் சோர்ஸ் வரி தெரியவில்லை

கேள்வி:
அமிகா 1200 கணினி, கிக்ஸ்டார்ட் 3.1 (அதன் சிஸ்டத்தின் அடிப்படைப் பகுதி), எஸ்ஏஎஸ் சி 6 கம்பைலர். சொந்தமாக ஒரு ஷேர்டு லைப்ரரி (பல புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்துவது) எழுதி, புரோகிராம், லைப்ரரி இரண்டையும் முழு டீபக் தகவல் சேர்க்கும் டீபக்=ஃபுல்ஃப்ளஷ் ஆப்ஷன் போட்டே கம்பைல் செய்தேன். கோட்ப்ரோப் டீபக்கரில் மெயின் ஃபங்ஷன் வரிவரியாக ஓடுகிறது. லைப்ரரி ஃபங்ஷனுக்குள் இறங்கினால் வெறும் அசெம்பிளிதான். போதாக்குறைக்கு, கோடைத் திருத்தினாலும் பழைய தப்பே திரும்ப வருகிறது.

பதில் 1:
உங்கள் புரோகிராமை ஏற்றுவது டீபக்கர். லைப்ரரியை ஏற்றுவதோ ராம்லிப் என்ற சிஸ்டம் ப்ராசஸ். அது கூப்பிடும், ஃபைலை ஏற்றும் லோட்செக் ஃபங்ஷன், வரி எண்ணும் பெயர்களும் உள்ள டீபக் ஹங்க், சிம்பல் ஹங்க் என்ற ஃபைல் பகுதிகள் இரண்டையும் நினைவகத்தில் வைக்காமல் தாண்டிவிடும். வரி எண் எங்கிருந்து வரும்?

லைப்ரரியாக ஓட்டாதீர்கள். அதன் ஆப்ஜெக்ட் ஃபைல்களை டெஸ்ட் புரோகிராமோடு நேரடியாக லிங்க் செய்யுங்கள். லைப்ரரி அழைப்புகளை வரையறுக்கும் ப்ராக்மா ஹெடரைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். இருந்தால் அழைப்பு பழையபடி லைப்ரரி பேஸ் (நினைவகத்தில் லைப்ரரியின் அடிப்படை முகவரி) வழியாகத்தான் போகும். ஃபங்ஷனை எழுதிய அதே ரெஜிஸ்டர் குறிப்புகளோடு ப்ரோட்டோடைப் கொடுங்கள். இல்லையென்றால் அழைப்பவர் ஆர்க்யுமென்ட்களை ஸ்டாக்கில் வைப்பார், ஃபங்ஷன் ரெஜிஸ்டரில் தேடும்.

பதில் 2:
பழைய தப்பு வருவதற்குக் காரணம் வேறு. மூடிய லைப்ரரி நினைவகத்திலேயே கிடக்கும். ஓப்பன்லைப்ரரி முதலில் அங்கேதான் பார்க்கும், டிஸ்க்குக்கே போகாது. ஒவ்வொரு முறை கம்பைல் செய்தபின் ஷெல்லில் அவெய்ல் ஃப்ளஷ் கொடுங்கள், பயன்பாட்டில் இல்லாதவை நினைவகத்திலிருந்து நீங்கும். டெஸ்ட் புரோகிராம் பாதியில் செத்து, க்ளோஸ்லைப்ரரி நடக்காமல் போயிருந்தால் ஓப்பன் கவுன்ட் (எத்தனை முறை திறந்திருக்கிறது என்ற கணக்கு) பூஜ்யமாகாது. அப்போது ரீபூட்தான்.

அசல் லைப்ரரியிலேயே நிறுத்த வேண்டுமானால் பேஸ் முகவரிக்கு -30-இல் பாருங்கள். பேஸுக்குக் கீழே உள்ள ஜம்ப் அட்டவணையில் முதல் நான்கு இடங்கள் ஓப்பன், க்ளோஸ், எக்ஸ்பஞ்ச், ரிசர்வ்டு. உங்கள் முதல் ஃபங்ஷன் ஐந்தாவது. ஒவ்வொன்றும் 6 பைட்: ஜம்ப் 2, முகவரி 4. அந்த முகவரியில் பிரேக்பாயின்ட் வையுங்கள். ஆனால் கோடு எல்லா டாஸ்க்குக்கும் பொது. டீபக்கருக்கு வெளியே வேறொரு புரோகிராம் அதை மிதித்தால் குரு மெடிடேஷன் என்ற சிஸ்டம் க்ராஷ்தான். ஓப்பன், எக்ஸ்பஞ்சுக்குள் வைக்கவே வேண்டாம். அவை ஃபார்பிட்டில், அதாவது வேறு டாஸ்க் ஓடாதபடி தடுத்த நிலையில், ஓடுபவை.

கேள்வி கேட்டவர்:
நேரடியாக லிங்க் செய்தால் சுத்தமாக ஓடுகிறது. லைப்ரரியாக்கினால் குளோபல் வேரியபிள்களில் குப்பை.

பதில் 1:
அப்படியானால் சேவ்டிஎஸ் (ஃபங்ஷன் தொடங்கும்போது ஏ4 ரெஜிஸ்டரைச் சரிசெய்யும் குறிச்சொல்) விட்டுப்போயிருக்கும். நியர் டேட்டா, அதாவது ஏ4-இலிருந்து தூரம் கணக்கிட்டு அணுகப்படும் குளோபல்கள், ஏ4 ரெஜிஸ்டரை நம்பியது. லைப்ரரி அழைப்பில் ஏ4 அழைத்த புரோகிராமின் டேட்டாவைக் காட்டும். ஒன்றாக லிங்க் செய்யும்போது டேட்டாவும் ஒன்றே என்பதால் தப்பு மறைந்துவிடும். வெளியிலிருந்து அழைக்கப்படும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் சேவ்டிஎஸ் போடுங்கள். ஸ்டாக் சோதனையை நிறுத்தும் நோஸ்டாக்செக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஸ்டாக் அழைத்தவருடையது. ஷெல்லில் அது வழக்கமாக 4096 பைட்தான். பெரிய லோக்கல் அரே வைத்தால் தாங்காது.

பதில் 2:
எங்கே உடைகிறது என்று பார்க்க தவறான நினைவக அணுகலைக் காட்டும் என்ஃபோர்சர் அருமையானது, ஆனால் எம்எம்யு (நினைவக மேலாண்மை யூனிட்) வேண்டும். வெறும் 1200-இன் 68இசி020 ப்ராசஸரில் அது கிடையாது. டீபக் லிப் என்ற லிங்க் லைப்ரரியில் உள்ள கேபிரின்ட்எஃப் ஃபங்ஷன் போட்டு, சீரியல் போர்ட்டில் 9600 பாடில் இன்னொரு கணினியில் படியுங்கள். ஃபார்பிட்டுக்குள்ளும் அது வேலை செய்யும்.