பழைய பவர் சப்ளை: காற்றாடி சுற்றினால் போதுமா?

லயத்துப் பையன்:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறேன். தங்கச்சி படிக்க ஒரு கணினி சேர்த்துக்கொண்டிருக்கிறேன். டவுனில் பழைய சாமான் கடையில் கணினிக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி, 450 வாட் பவர் சப்ளை, 40 வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைத்தது. அதன் பிளக்கில் பேப்பர் கிளிப்பைச் செருகி, உள்ளே காற்றாடி சுற்றுவதைக் காட்டினார் கடைக்காரர். இதை நம்பி மதர்போர்டில் (கணினியின் தாய்ப்பலகையில்) மாட்டலாமா?

பட்டறை அண்ணன்:
மாட்டு தம்பி. கிளிப்பால் பச்சைக் கம்பியும் ஒரு கறுப்பும் சேர்ந்தால் சப்ளை ஓடத் தொடங்கும். ஓடுகிறதென்றால் உயிர் இருக்கிறது. எத்தனையோ கணினி இப்படித்தான் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

மீட்டர் அக்கா:
உயிர் இருக்கிறது, சரி. உடம்பு எப்படி? அந்தக் காற்றாடி 9 வோல்ட்டிலும் சுற்றும், அண்ணே. வோல்ட் அளக்கும் மல்ட்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையைக் கறுப்புக் கம்பியில் தொட்டுப் பாருங்கள், தம்பி. சிவப்பு முனையை மற்றக் கம்பிகளில் தொட்டால், மஞ்சள் (12 வோல்ட் கம்பி) 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில், சிவப்பு (5 வோல்ட்) 4.75-லிருந்து 5.25-க்குள், ஆரஞ்சு (3.3 வோல்ட்) 3.14-லிருந்து 3.47-க்குள் இருக்க வேண்டும். சாம்பல் கம்பியில், ஓடத் தொடங்கி அரை நொடிக்குள் 5 வோல்ட் வர வேண்டும். ‘எல்லாம் சரி’ என்று போர்டுக்குச் சொல்வதே அதுதான்.

அதற்கும் முன்னே, பின்பக்கம் சிவப்பு சுவிட்ச் இருந்தால் 230-இல் இருக்கிறதா பாருங்கள். 115-இல் வைத்து நம் ஊர் கரண்டில் செருகினால் பட்டாசுதான்.

பட்டறை அண்ணன்:
மீட்டர் மட்டும் என்ன கண்டது? கரண்ட் இழுக்க எதுவும் மாட்டாமல், சுமையே இல்லாமல் அளந்தால் செத்த சப்ளையும் 12.1 காட்டும். 12 வோல்ட் கம்பியில் அலையடிப்பு, அதாவது வோல்ட் வேகமாக ஏறி இறங்கும் அளவு, 120 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது என்பார்கள். அதைப் பார்க்க அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் வேண்டும், உங்கள் மீட்டருக்குத் தெரியாது.

மீட்டர் அக்கா:
அதைத்தானே சொல்கிறேன், சுமை ஏற்றிப் பார்க்க வேண்டும். லாரி பட்டறையில் பழைய ஹெட்லைட் பல்பு கிடைக்கும். 55 வாட், நாலரை ஆம்பியர் இழுக்கும்.

பட்டறை அண்ணன்:
ஐயோ, ஹெட்லைட் வேண்டாம். சூடேறாத பல்பு முதல் கணத்தில் பல மடங்கு இழுக்கும். நல்ல சப்ளையே பயந்து அணைந்துவிடும், நீங்கள் குப்பையில் போடுவீர்கள். 21 வாட் பிரேக் பல்பு எடு தம்பி.

மீட்டர் அக்கா:
இது நல்ல யோசனை, ஒத்துக்கொள்கிறேன். (கிளிப் கட்சிக்காரர் இவ்வளவு நேரம் இதை எங்கே வைத்திருந்தாரோ!)

லயத்துப் பையன்:
மஞ்சள் கம்பியில் பிரேக் பல்பு இரண்டு மாட்டினேன். சுமை இல்லாமல் 12.1. ஒரு பல்பில் 11.6. இரண்டாவது எரிந்ததும் 11.2, உள்ளே கீச்சென்று சத்தம். சப்ளை போய்விட்டதா?

பட்டறை அண்ணன்:
அவசரப்படாதே. பழைய அமைப்பில் 12-ஐயும் 5-ஐயும் ஒன்றாகக் கட்டித்தான் கட்டுப்படுத்துவார்கள். 12-இல் மட்டும் சுமை ஏற்றினால் அது இறங்கும், 5 ஏறும். சிவப்புக் கம்பியிலும் ஒரு பல்பு போடு. மங்கலாகத்தான் எரியும், சுமை சுமைதானே. மதர்போர்டைப் பக்கத்தில்கூட வைக்காதே.

லயத்துப் பையன்:
மூன்றாவது பல்பும் போட்டாயிற்று. 5 வோல்ட் 5.1-க்கு வந்தது. மஞ்சள் 11.3-க்கு மேல் ஏறவில்லை.

மீட்டர் அக்கா:
450 வாட் பெட்டி, 50 வாட்டுக்கே மூச்சு வாங்குகிறது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மூடியைத் திறந்து பார்க்காதீர்கள், கரண்ட் வயரைக் கழற்றின பிறகும் உள்ளே 300 வோல்ட் சொச்சம் உட்கார்ந்திருக்கும்.

பட்டறை அண்ணன்:
திருப்பிக் கொடு. நான் சேர்த்துக் கொடுத்த கணினியெல்லாம் இன்னும் ஓடுகிறது, அதையும் சொல்லி வைக்கிறேன்.

லயத்துப் பையன்:
கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார். பல்பையும் மீட்டரையும் கொண்டுபோய் அவர் மேசை மேலேயே எரிய விட்டேன். மூன்று பல்பும் எரிந்தபோது 11.9. ‘இந்தப் பல்பு எங்கே கிடைக்கும்?’ என்று கேட்டார்.