உறுமிக்குக் காதைப் பொத்துபவன், துணி துவைக்கும் இயந்திரத்தோடு பாடுகிறான்

லோரிக்காரன், சுங்கை சிப்புட், மலேசியா:
என் மகனுக்கு ஆறு வயது. ஆட்டிசம். மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயு அட்டை எடுத்தாகிவிட்டது. பேச்சு இன்னும் இல்லை. திருவிழாவில் உறுமி ஒலித்தால் காதைப் பொத்திக்கொண்டு என் லோரிக்குள் ஏறிவிடுவான். ஆனால் வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் பிழியத் தொடங்கினால் பக்கத்தில் குந்திக்கொண்டு அதே சுருதியில் முனகுகிறான். அது ஏற ஏற இவனும் ஏறுகிறான். ஈப்போவில் ஓர் இடத்தில், கையை அசைத்தால் இசை எழும் கருவியை வைத்துச் சிகிச்சை தருகிறார்களாம். ஒரு முறைக்கு 120 வெள்ளி. போகலாமா, அல்லது டேப்லட்டில் பியானோ செயலி போதுமா?

செம்பனைத் தோட்டத்து அம்மா:
தம்பி, எச்சரிக்கை. பேச்சு வந்துவிடும் என்று ஆசை காட்டி ஓர் இடத்தில் எங்களிடம் ஆறு மாதம் பணம் வாங்கினார்கள். மகள் அங்கே கற்றுக்கொண்டது கதவைத் திறந்து வெளியே ஓடுவது மட்டும்தான்.

பாட்டு டீச்சர்:
நான் சிகிச்சையாளர் அல்ல. தமிழ்ப்பள்ளியில் ஓய்வு பெற்று, வாரம் இரண்டு நாள் பிடிகே என்னும் சமூக மறுவாழ்வு நிலையத்தில் பிள்ளைகளோடு உட்கார்கிறேன். நீங்கள் சொல்வது சவுண்ட்பீம் வகைக் கருவியாக இருக்கலாம். வௌவாலைப்போல் நம் காதுக்கு எட்டாத ஒலியை வீசி, கை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து, அதைச் சுரமாக்கும். குச்சி பிடிக்க வராத பிள்ளையும் வாசிக்கலாம். அந்த வசதியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளை ஒலி எழுப்பியதும் எதிரில் இருப்பவர் பதில் வாசித்துவிட்டுக் காத்திருக்கிறாரா? அதைப் பார்த்துப் பணம் கட்டுங்கள்.

ஒன்பது நாடுகளில் 364 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2017இல் வந்தது. ஐந்து மாத இசைச் சிகிச்சைக்குப் பிறகும், பிறரோடு பழகுவது தொடர்பான அறிகுறிகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, 26 ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளியிட்ட அறிக்கையோ, ஒட்டுமொத்த முன்னேற்றத்துக்கு வாய்ப்பு உண்டு என்கிறது. பேச்சுக்கு உத்தரவாதம் தருபவர் இந்த இரண்டையும் படிக்காதவர்.

எங்கள் நிலையத்தில் ஒரு சிறுமி மைலோ டின்னை மூன்று முறை தட்டிவிட்டு நிறுத்துவாள். நானும் மூன்று தட்டுவேன். நான்காவது வாரம் வேண்டுமென்றே இரண்டோடு நிறுத்தினேன். என் மணிக்கட்டைப் பிடித்து, மூன்றாவதைத் தட்டவைத்தாள்! அன்றைக்கு எனக்குப் பசியாறவே தோன்றவில்லை.

டேப்லட்டைத் தனியாகக் கொடுக்காதீர்கள். ஒரே கட்டையை நானூறு முறை அழுத்துவான். கூட உட்காருங்கள். மோகன ராகத்தின் ஐந்து சுரங்கள் போதும். எதை அழுத்தினாலும் காதை உறுத்தாது. அதற்கும் முன்னால், அந்த இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் முனகுங்கள். நடுவில் நிறுத்திப் பாருங்கள்.

லோரிக்காரன்:
டீச்சர், நேற்று இரவு துணியே இல்லாமல் இயந்திரத்தை ஓடவிட்டேன். மனைவி திட்டினாள். அவனோடு முனகிவிட்டு நிறுத்தினேன். அவனும் நிறுத்தினான். என் முகத்தைப் பார்க்கவில்லை; என் தொண்டையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். ஈப்போவுக்கு ஒரு முறை போய், நீங்கள் சொன்னதைக் கவனித்துவிட்டு வருகிறேன். மோகனத்துக்குப் பியானோவில் எந்தெந்தக் கட்டைகள்?

பாட்டு டீச்சர்:
கறுப்புக் கட்டைகள் மட்டும். மூன்றாகச் சேர்ந்திருப்பவற்றில் முதலாவது சட்ஜம், அதாவது 'ச'.