சான் ஜிமிஞானோவில் ஏன் இத்தனை கோபுரங்கள்?

கேள்வி: அடுத்த மாதம் இத்தாலி போகிறோம். டஸ்கனியில் இந்த மலை ஊரில் வீடுகளுக்கு நடுவே ஒல்லியாக நிற்கும் கோபுரங்களை யார் கட்டினார்கள்? கோட்டையா? அரை நாள் போதுமா?

பதில்: கோட்டை இல்லைங்க, பணக்காரக் குடும்பங்கள் போட்டி போட்டுக் கட்டியவை. ரோமுக்குப் போகும் யாத்திரைப் பாதை இந்த ஊர் வழியாகப் போனது. குங்குமப்பூ வியாபாரம் வேறு. 72 கோபுரங்கள் இருந்ததாகச் சொல்வார்கள், இன்று 14தான். 1348 கொள்ளைநோயில் ஊர் நொடித்தது, 1353இல் ஃப்ளோரன்ஸிடம் பணிந்தது. இடித்துப் புதிதாகக் கட்டக் காசில்லை, அதனால்தான் இவையாவது மிஞ்சின.

சுவர்களில் சின்னச் சின்னச் சதுர ஓட்டைகளைக் கவனியுங்கள். மரக்கட்டை செருகிச் சாரம் கட்டிய இடம் அது. அப்புறம், சிஸ்டெர்னா சதுக்கத்துக் கிணறு. விளிம்புக் கல்லில் கயிறு உரசி உரசி விழுந்த பள்ளங்கள் இருக்கின்றன. என் விரல் அதில் அப்படியே உட்கார்ந்தது. எனக்குக் கோபுரங்களைவிட அதுதான் பெரிது. எத்தனை தலைமுறை தண்ணீர் இறைத்திருக்கும்!

இன்னொரு பதில்: தோர்ரே க்ரோஸ்ஸா என்ற கோபுரத்தில் ஏறாமல் வராதீர்கள். 54 மீட்டர் உயரம். வெயிலுக்கு முன்னால் ஏறிவிடுங்கள்.

கேட்டவர்: சரி, ஒரு இரவு தங்கிவிடுகிறோம். முதலில் கிணறு, அப்புறம்தான் கோபுரம்.