சர்ச் வாரண்ட் (சோதனை போட கோர்ட் தரும் உத்தரவு): போலீஸ் மனு போட்டதைப் பார்த்தவர்கள், வீட்டில் சோதனை நடந்தவர்கள் சொல்லுங்கள்

ஜூனியர் வக்கீல்:
போலிப் பத்திர வழக்கு. பிஎன்எஸ்எஸ் (சிஆர்பிசிக்குப் பதிலாக வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 97-ஆம் பிரிவில் வாரண்ட் கேட்டு இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். நான் வேறு கேஸுக்காக நின்றிருந்தேன். மாஜிஸ்திரேட் மனுவைப் படித்துவிட்டு, "அந்த வீட்டில்தான் இருக்கிறது என்று எப்படித் தெரியும்?" என்றார்.
"நம்பத்தகுந்த தகவல் ஐயா."
"யார் சொன்னது? மனுவில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்."
இன்ஸ்பெக்டர் ரைட்டரைப் பார்க்க, ரைட்டர் கட்டைப் புரட்டினார். கதவு எண்கூட இல்லை, 'மேற்படியார் வீடு' என்று மட்டும்தான். மனு திரும்பிப் போனது. மாலையில் சாட்சி வாக்குமூலம், முழு விலாசம் எல்லாம் சேர்த்து வந்த பிறகே வாரண்ட் கிடைத்தது. தகவலை வைத்துத் தேவையான விசாரணை செய்துதான் தர வேண்டும் என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. எத்தனை கோர்ட்டில் இப்படி நிறுத்திக் கேட்கிறார்கள்?

பீரோ சாவி:
நீங்கள் மனுவைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்களுக்கு வாரண்டே இல்லை. அண்ணன் மேல் புகார். அப்பா கேட்டதற்கு, "185 இருக்கு, வாரண்ட் வேண்டாம்" என்று அதே சட்டத்தின் பிரிவைச் சொல்லி பீரோவைத் திறக்கச் சொன்னார்கள். அம்மாவின் புடவைகளை ஒவ்வொன்றாக உதறித் தரையில் போட்டார் ஒருவர். அம்மா சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. வாரண்ட் இல்லாமல் வந்தது சட்டவிரோதம்தானே?

பழைய கடைக்காரர்:
இல்லை தம்பி. எங்கள் கடையிலும் அப்படித்தான் தேடினார்கள், பில் புத்தகங்களை எடுத்துப் போனார்கள். வாரண்ட் வாங்கப் போனால் பொருள் கைநழுவிவிடும் என்றால் 185 இடம் தருகிறது. ஆனால் வாயால் சொன்னால் போதாது. காரணத்தையும், எதைத் தேடுகிறோம் என்பதையும் முதலில் கேஸ் டைரியில் (போலீஸின் விசாரணைக் குறிப்பேடு) எழுத வேண்டும். அந்தக் குறிப்பின் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். அந்தப் பகுதியைச் சேர்ந்த, வழக்கில் சம்பந்தமில்லாத இரண்டு பேராவது சாட்சி நிற்க வேண்டும். எடுத்த பொருளின் பட்டியலில் அவர்கள் கையெழுத்து வேண்டும், ஒரு நகல் உங்களுக்கு. இந்தச் சட்டம் வந்த 2024 ஜூலை 1-க்கு அப்புறம் வீடியோவும் கட்டாயம். சாட்சி யார் என்று பார்த்தீர்களா? ஸ்டேஷன் வாசல் டீக்கடைக்காரரைக் கூட்டி வந்தால் அதை எழுதி வையுங்கள். முதலில் அந்த டைரிக் குறிப்பின் நகல் கேட்டு மனு போடுங்கள்.

பீரோ சாவி:
நகல் கேட்டால் மறுபடி வருவார்கள் என்று அப்பா பயப்படுகிறார்.

ஜூனியர் வக்கீல்:
ஸ்டேஷன் பக்கமே போக வேண்டாம். மனு மாஜிஸ்திரேட்டுக்குத்தான், நகல் இலவசம். வீட்டுக்காரர் என்ற முறையில் அப்பா பெயரிலேயே போடலாம்.