கட்டணம் கூடியும் கையில் காசு நிற்காதது ஏன்?

நிலாமுற்றம் (கேள்வி)

இரண்டு ஆண்டுகள் ஒரு முகவரின் கீழ் எஸ்கார்ட்டாக (கட்டணத்துக்குப் பாலியல் சேவை தருபவராக) இருந்துவிட்டு, ஏழு மாதங்களுக்கு முன்பு தனியாகத் தொழில் செய்யத் தொடங்கினேன். முன்பெல்லாம் கட்டணத்தில் ஏறக்குறையப் பாதியை முகவர் எடுத்துக்கொள்வார். இப்போது முழுத் தொகையும் எனக்கே வருகிறது. கட்டணத்தையும் சற்று உயர்த்தியிருக்கிறேன். அப்படியிருந்தும் மாதக் கடைசியில் மிஞ்சுவது பழைய தொகையைவிடப் பெரிதாகக் கூடவில்லை. நான் ஊதாரியும் அல்ல. அனுபவம் உள்ளவர்கள் வரவு செலவை எப்படிப் பார்க்கிறீர்கள்?

பழையகணக்கு (மறுமொழி)

முகவர் எடுத்த பாதி எங்கும் போய்விடவில்லை. அவர் செய்த வேலை முழுவதும் இப்போது உங்கள் தலையில் இறங்கியிருக்கிறது. விளம்பரம், புகைப்படம், தொழிலுக்கென்று தனித் தொலைபேசி எண், அறை வாடகை, வருகிறவர் யார் என்று விசாரிப்பது, உடல் பரிசோதனை ஆகிய எல்லாவற்றுக்கும் இனி நீங்கள்தான் பொறுப்பு. இவற்றில் விளம்பரக் கட்டணம் போன்றவை, வாடிக்கையாளர் ஒருவர்கூட வராத மாதத்திலும் தவறாமல் வந்து நிற்கும்.

நான் செய்தது ஒன்றுதான். ஒரு நோட்டுப் புத்தகத்தில், கட்டணம் வாங்கிய நேரத்தை ஒரு பத்தியிலும், அதற்காகச் செலவான மற்ற நேரத்தை அடுத்த பத்தியிலும் எழுதினேன். இரண்டு மணி நேரச் சந்திப்பு ஒன்றுக்கு, முந்தைய நாள் குறுஞ்செய்திப் பரிமாற்றம், விசாரணை, அலங்காரம், பயணம், திரும்பி வந்து துணிகளைத் துவைப்பது என எல்லாம் சேர்த்து ஏழு மணி நேரம் ஆகியிருந்தது. வந்த தொகையை இரண்டால் வகுத்தால் நீங்கள் பணக்காரர். செலவைக் கழித்துவிட்டு ஏழால் வகுத்துப் பாருங்கள். கடைசி நேரத்தில் ரத்தானவற்றையும் எழுதுங்கள். முன்பணம் வாங்காத காலத்தில் என்னை அதிகம் அரித்தவை அவைதான்.

ஈரக்கடிதம் (மறுமொழி)

செலவைப் போலவே, பணம் எந்த வழியில் வருகிறது என்பதையும் கவனியுங்கள். பேபால் போன்ற சேவைகளின் விதிகள் இத்தொழிலுக்கான பணப் பரிமாற்றத்தை அனுமதிப்பதில்லை என்பதால், கணக்கு முடங்கினால் அதில் இருக்கும் பணமும் சேர்ந்து முடங்கும். அமெரிக்காவில் 2018 ஏப்ரலில் பேக்பேஜ் தளத்தை அரசு முடக்கியபோது, அந்த ஒரு விளம்பரத் தளத்தையே நம்பியிருந்த பலர் ஒரே நாளில் வாடிக்கையாளர்களை இழந்தார்கள். 2021 ஆகஸ்டில், சந்தா செலுத்திப் பார்க்கும் தளமான ஓன்லிஃபேன்ஸ், வெளிப்படையான பாலியல் உள்ளடக்கத்தைத் தடை செய்யப்போவதாக அறிவித்துவிட்டுச் சில நாள்களிலேயே பின்வாங்கியது. அந்தத் தடை அறிவிப்புக்கு வங்கிகளையே அது காரணம் காட்டியது. ஆகவே ஒரே தளம், ஒரே கணக்கு என்று இருக்காதீர்கள். மூன்று மாதச் செலவுக்கான தொகையைத் தனியே வைத்துவிட்டு, அதற்கு மேல் வருவதையே வருமானமாகக் கருதுங்கள்.

வரிக்காரர் (மறுமொழி)

நான் இத்தொழிலில் இல்லை. சுயதொழில் செய்பவர்களுக்குக் கணக்கு எழுதுபவன். வரி கட்ட வேண்டிய பங்கை, பணம் கைக்கு வந்த அன்றே வேறு கணக்கில் போடாதவர்கள், எந்தத் தொழிலில் இருந்தாலும் ஆண்டு இறுதியில் என் முன்னால் கலங்கிப்போய் உட்கார்ந்திருப்பார்கள். தொழிலே சட்டவிரோதமாக உள்ள இடங்களிலும், அமெரிக்காவைப் போல, வருமானத்துக்கு வரி உண்டு. வரித்தாக்கல் இல்லையென்றால் வருமானச் சான்றும் இல்லை; அது இல்லாமல் வீட்டு வாடகை ஒப்பந்தமோ கடனோ கிடைப்பது கடினம்.

பாலியல் தொழிலாளர்களுக்கு மகப்பேறு விடுப்பு, ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு வழி செய்யும் பெல்ஜியச் சட்டம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்ததைப் படித்திருப்பீர்கள். அது பணி ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கானது. உங்களைப் போலத் தனித்து இயங்குபவர் காய்ச்சலில் படுத்தால், அந்த வாரத்தின் வரவு பூஜ்ஜியம்தான். கட்டணத்தை நிர்ணயிக்கும்போது இதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

நிலாமுற்றம்

ஒரு வாரம் எழுதிப் பார்த்தேன். கட்டணம் பெற்றது 8 மணி நேரம். உழைத்தது 33 மணி நேரம். ரத்தான சந்திப்புகள் மூன்று, அவற்றுள் ஒன்றுக்கு அறை வாடகையையும் நானே கட்டியிருந்தேன். நேற்று முதல் முன்பணம் கேட்கிறேன். நான் முதலில் கேட்ட வாடிக்கையாளர் பதிலே அனுப்பவில்லை. இரண்டாமவர் பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்.