பத்து வயதுப் பையன் கையில் எடுக்கக்கூடிய ஊர்வனப் பிராணி எது?

செந்தூல்வாசி (கோலாலம்பூர்):

அனைவருக்கும் வணக்கம். நான்காம் ஆண்டில் படிக்கும் என் மகன், ஊர்வன இனத்தில் ஏதேனும் ஒன்றை வளர்க்க வேண்டும் என்று பல மாதங்களாகக் கேட்டு வருகிறான். எங்கள் கொண்டோவில் நாய்க்கு அனுமதி இல்லை. பூனை என்றால் மனைவிக்கு மூச்சிரைப்பு வந்துவிடும். மீன் வளர்க்கலாமே என்றால், கையில் எடுக்க முடியாத பிராணி எதற்கு என்று கேட்கிறான். ஆகவே என் கேள்வியும் அதை ஒட்டியதுதான்: மனிதர் கையில் எடுப்பதைப் பொறுத்துக்கொள்ளும் குணம் எந்த இனத்துக்கு அதிகம்?

கடையில் பச்சை இகுவானாக் குட்டி, பச்சோந்தி, லெப்பர்ட் கெக்கோ, பியர்டட் டிராகன் ஆகிய பல்லி இனங்களையும், பால் பைத்தான் (Ball python) என்ற சிறிய மலைப்பாம்பையும் பார்த்தோம். அத்தனையும் சாதுவானவை என்று கடைக்காரர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டதால்தான் எனக்குச் சந்தேகமே வந்தது. பகலில் எங்கள் வீட்டில் ஏர்கோன் ஓடாது. மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர். பாம்பு என்றால் வீட்டை விட்டே போய்விடுவேன் என்கிறார், பேரனுக்காகப் பல்லி வரைக்கும் இறங்கி வருவார். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தீவுக்காரன் (பாயான் லெப்பாஸ், பினாங்கு):

வணக்கம் ஐயா. முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. நாயும் பூனையும் நம் தொடுதலை விரும்பித் தேடி வருவதைப்போல, ஊர்வன தேடி வருவதில்லை. நாம் தீங்கு செய்யமாட்டோம் என்று பழகிய பிறகு, கையில் இருப்பதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகின்றன, அவ்வளவுதான். அந்தப் பொறுமை இனத்துக்கு இனம் மாறுகிறது, ஒரே இனத்துக்குள்ளும் தனி உயிருக்குத் தனி உயிர் மாறுகிறது.

அதோடு, அசையாமல் இருப்பதை அமைதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் ஊர் சுங்கை குளுவாங் பாம்புக் கோவிலுக்கு வருகிறவர்கள், கிளைகளில் சிலைபோல் கிடக்கும் விரியன்களைப் பார்த்து, ஊதுபத்திப் புகையில் மயங்கிக் கிடக்கின்றன என்று பேசிக்கொள்வார்கள். அவை வாக்லர் குழிவிரியன்கள். ஒரே இடத்தில் அசையாமல் காத்திருந்து இரை பிடிப்பதே அவற்றின் இயல்பு, நஞ்சும் உண்டு. நீங்கள் கடையில் பார்த்த பால் பைத்தானும் அப்படித்தான்: தலையை நடுவில் மறைத்துப் பந்தாகச் சுருண்டு அது கையில் கிடக்கும்போது பார்ப்பவர்கள் எவ்வளவு சாது என்பார்கள், அது பயந்துபோயிருப்பதன் அடையாளமே அந்தச் சுருள். பழகிய பால் பைத்தான் உடலைத் தளர்த்தி, நாக்கை நீட்டி நீட்டி மோப்பம் பிடித்தபடி, மெதுவாகக் கைமேல் நகரும்.

உங்கள் பட்டியலிலிருந்து இரண்டை உடனே நீக்கிவிடலாம். பச்சோந்தி கண்ணால் பார்த்து மகிழ்வதற்கு மட்டுமே உரியது. அடிக்கடி கையில் எடுத்தால் மன அழுத்தத்தில் உணவை விட்டுவிடும். பச்சை இகுவானாக் குட்டி கைக்கடக்கமாக இருப்பதைப் பார்த்து வாங்கியவர்கள் பலர் பின்னால் திண்டாடியிருக்கிறார்கள், ஏனென்றால் அது வாலோடு சேர்த்து ஒன்றரை மீட்டருக்கும் மேல் வளரும், வாலைச் சாட்டையாக வீசும், முதிர்ந்த ஆண் இனப்பெருக்கக் காலத்தில் வளர்த்தவரையே கடிக்க வரும்.

என் தேர்வு லெப்பர்ட் கெக்கோ. நம் வீட்டுச் சுவரில் ஓடும் சிச்சாக்கைப்போல இதன் விரல்களில் ஒட்டும் திண்டு கிடையாது, ஆகவே கண்ணாடியில் ஏறித் தப்பாது, நடையும் நிதானம். இமை இருப்பதால் கண்ணை மூடித் தூங்குவதையும் பார்க்கலாம், பிள்ளைகளுக்கு அது ஒரு தனி மகிழ்ச்சி. மாலையிலும் இரவிலுமே நடமாடும் என்பதால், பள்ளியும் டியூஷனும் முடிந்து பையன் வரும் நேரத்துக்கு அது விழித்திருக்கும். வாலை உயர்த்தி மெதுவாக இப்படியும் அப்படியும் அசைத்தால், தற்காப்புக்குத் தயாராகிறது என்று பொருள். அப்போது தொடக் கூடாது. இரையைக் கண்டு வால் நுனி மட்டும் படபடவென்று துடிப்பது வேறு. இந்த இரண்டையும் பிரித்தறியப் பையன் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரே ஒரு எச்சரிக்கை: வாலைப் பிடித்தால் வாலைக் கழற்றிவிடும். மீண்டும் முளைக்கும், ஆனால் பழைய அழகு இருக்காது. அதைவிட முக்கியமாக, அதன் கொழுப்புச் சேமிப்பே வாலில்தான் இருக்கிறது.

ஜாலான் ஈப்போ அக்கா (கோலாலம்பூர்):

தீவுக்காரன் தம்பி சொன்னதில் பெரும்பாலானவை சரி. ஆனால் கையில் எடுப்பது ஒன்றே அளவுகோல் என்றால், பல்லி வகைகளில் பியர்டட் டிராகனுக்கே முதல் இடம் கொடுப்பேன். பகலில் விழித்திருக்கும், உடல் கெட்டியானது, வால் எளிதில் கழன்றுவிடாது, குழந்தை கொஞ்சம் தடுமாறிப் பிடித்தாலும் பதறி ஓடுவது குறைவு. அடங்காத நேரத்தில் தாடிபோன்ற தொண்டைத் தோல் கறுத்துவிடும், வாயைப் பிளக்கும், பார்த்தவுடன் புரிந்துகொள்ளலாம்.

சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. அது ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துப் பிராணி. வெயில் காயும் இடத்தில் 40 பாகை செல்சியஸ் அளவு சூடும், அதற்கென்றே விற்கும் புற ஊதா விளக்கும் கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் சுண்ணாம்புச் சத்தை உடல் ஏற்காமல் எலும்பு வளைந்துவிடும். அந்த விளக்கு கண்ணுக்கு எரிவதுபோல் தெரிந்தாலும் புற ஊதாக் கதிர் குறைந்துகொண்டே வரும், எனவே தயாரிப்பாளர் குறிப்பிட்ட காலத்தில் மாற்ற வேண்டும். நம் ஊரின் ஈரக்காற்றில் கூண்டுக்கு நல்ல காற்றோட்டம் இல்லாவிட்டால் மூச்சுக் கோளாறு வரும். இந்தச் செலவையும் கவனத்தையும் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் கொடுக்க முடியுமா என்று யோசியுங்கள். (லெப்பர்ட் கெக்கோ மட்டும் சளைத்ததா என்ன, அது இருபது ஆண்டுகூட இருக்கும். பையன் பல்கலைக்கழகம் போன பிறகு யார் தீனி போடுவது என்று இப்போதே பேசி வையுங்கள்.)

பாம்புகளுக்காகவும் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கிறது. பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பதால் நாம் அவற்றைத் தள்ளி வைக்கிறோம், உண்மையில் கையாளப் பழகும் குணத்தில் பால் பைத்தானும் கார்ன் ஸ்னேக்கும் பல பல்லிகளை மிஞ்சும். இரை தின்ற பின் 48 மணி நேரம் தொடக் கூடாது, தொட்டால் கக்கிவிடும். தோல் உரிக்கும் முன் கண் பால் படர்ந்ததுபோல் மங்கும். சரியாகப் பார்வை தெரியாத அந்த நாட்களிலும் விட்டுவிட வேண்டும். ஆனால் மாமியார் மனநிலையையும், எலிகளைக் குளிர்பதனப் பெட்டியில் உறையவைக்க வேண்டியிருப்பதையும் பார்க்கும்போது, உங்கள் வீட்டுக்கு இது சரிப்படாது. வெள்ளிக்கிழமை சைவம் சமைக்கும் வீட்டில் அந்தப் பெட்டியைத் திறக்கிறவர் யார்?

கிரெஸ்டட் கெக்கோவை யாராவது சிபாரிசு செய்தால் வேண்டாம் என்றுவிடுங்கள். 28 பாகைக்கு மேல் நீடித்தால் அதற்கு ஆகாது. ஏர்கோன் இல்லாத வீட்டில் மதிய நேரத்தை அது தாங்காது. போதாக்குறைக்குத் தவளைபோலத் தாவும், வால் போனால் மறுபடி முளைக்கவும் முளைக்காது.

வெண்சீருடை (பட்டர்வொர்த்):

நான் தாதியாகப் பணிபுரிகிறேன். எந்த இனம் என்பதற்கு முன்னால், டயாலிசிஸ் என்ற சொல்லை நீங்கள் எழுதியதும் எனக்குத் தோன்றியதைச் சொல்லிவிடுகிறேன். ஊர்வன எதுவானாலும், பார்க்க ஆரோக்கியமாக இருந்தாலும், குடலில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். கழிவு வழியாகத் தோலிலும் கூண்டிலும் பரவும். நமக்குச் சில நாள் வயிற்றுப்போக்கோடு போகக்கூடியது, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், முதியவர்களுக்கும், நோயெதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் கடுமையாகிவிடும். சிறுநீரக நோயாளியான உங்கள் மாமியார் இரண்டு விதத்திலும் அந்தப் பட்டியலில் வருகிறார்.

ஆகவே அவருடைய மருத்துவரிடம் முதலில் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுவதே முறை. சரி என்றால், கூண்டு பையன் அறையில் இருக்கட்டும்; தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம்; தொட்ட பிறகு ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், கைக் கிருமிநாசினி அதற்கு ஈடாகாது. பிராணியை முத்தமிடுவது, சோபாவிலும் சாப்பாட்டு மேசையிலும் நடக்க விடுவது இரண்டும் கூடாது. பாட்டியின் மடியில் கொண்டுபோய் வைத்துப் பயம் போக்குகிறேன் என்று பையன் ஆசைப்படுவான், அதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

தீவுக்காரன் (பாயான் லெப்பாஸ், பினாங்கு):

தாதி அக்கா சொன்னதை நான் எழுதியதற்கு முன்னால் வைத்துப் படியுங்கள் ஐயா.

வாங்கும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காட்டிலிருந்து பிடித்து வந்தது எவ்வளவு பொறுமையான இனமாக இருந்தாலும் கைக்குப் பழகுவது கடினம், ஒட்டுண்ணிகளும் கூடவே வரும். மனிதர் வளர்ப்பில் பொரித்த குட்டியா என்று கேளுங்கள். கடைக்காரரையே கையில் எடுக்கச் சொல்லிப் பாருங்கள்; அவர் தயங்கினால் அதுவே பதில். கண் தெளிவாக, வால் தடிப்பாக, விரல்களில் பழைய தோல் ஒட்டாமல் இருக்க வேண்டும். மிகச் சிறிய குட்டியைவிடச் சில மாதம் வளர்ந்தது மேல், ஏனென்றால் குட்டிகள் எதைக் கண்டாலும் அஞ்சும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. தீபகற்பத்தில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 716, நடப்பில் இருக்கிறது. வெளிநாட்டு இனம் என்றாலும் உரிமம் தேவைப்படலாம். பால் பைத்தானும் பச்சை இகுவானாவும் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் எனும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை. நட்சத்திர ஆமையை யாராவது மலிவாகக் காட்டினால் அந்தப் பக்கமே போகாதீர்கள், அது 2019 முதல், மிகக் கடுமையான முதலாம் பட்டியலில் இருக்கிறது. பணம் கொடுக்கும் முன், இனத்தின் பெயரைச் சொல்லி மாநிலப் பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) அலுவலகத்தில் நீங்களே விசாரியுங்கள். காகிதம் பின்னால் வரும் என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

செந்தூல்வாசி (கோலாலம்பூர்):

அனைவருக்கும் மிக்க நன்றி. டயாலிசிஸ் மையத்தில் மருத்துவரிடம் கேட்டோம். மாமியார் தொடாமலும் அந்த அறைக்குள் போகாமலும் இருந்து, நாங்களும் கைகழுவுவதில் கண்டிப்பாக இருந்தால் சம்மதம் என்றார். பல்லி விழுந்தால் பலன் பார்ப்பவர் மாமியார். கூண்டுக்கு மூடி உண்டா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டுவிட்டார். லெப்பர்ட் கெக்கோ என்றே முடிவு செய்திருக்கிறோம், பெர்ஹிலித்தான் பதில் வந்ததும் வாங்குவோம். மகன் பொறுமை குறைந்தவன். வந்த அன்றே கையில் எடுக்கத் துடிப்பான். எப்படிப் பழக்குவது?

ஜாலான் ஈப்போ அக்கா (கோலாலம்பூர்):

முதல் இரண்டு வாரம் தொடவே வேண்டாம் தம்பி. ஒழுங்காகத் தின்று கழிவு போடுகிறதா என்று மட்டும் பார்க்கட்டும். தீனிக்குச் சில்வண்டு (கிரிக்கெட் பூச்சி) வாங்கினால் இறுக மூடிய டப்பாவில் வையுங்கள். ஒன்று தப்பினாலும் இரவெல்லாம் கத்தும். அதன் பிறகு கூண்டுக்குள் கையைத் தட்டையாக வைத்துக் காத்திருக்கச் சொல்லுங்கள். வாசனை பார்த்து அதுவே ஏறினால் நல்லது. மேலிருந்து கை இறங்கினால் பருந்து பாய்வதாகவே அதற்குத் தெரியும், ஆகவே எப்போதும் பக்கவாட்டில், வயிற்றுக்கு அடியில் கொடுத்து எடுக்க வேண்டும். நான்கு காலுக்கும் பிடிமானம் இருக்கட்டும், விரலால் அழுத்திப் பிடிக்கக் கூடாது. ஒரு கையிலிருந்து மறுகைக்கு நடந்துகொண்டே இருக்க விடலாம்.

பையன் நிற்காமல் தரையில் உட்கார்ந்துகொண்டே எடுக்கட்டும், விழுந்தாலும் அடிபடாது. ஐந்து நிமிடத்தில் தொடங்கி மெல்லக் கூட்டலாம். பதினைந்து நிமிடத்துக்கு மேல் தேவையே இல்லை. தோல் உரியும் நாட்களில் நிறம் வெளிறிவிடும், அப்போது விடுமுறை. ஏர்கோன் அறையில் உடல் குளிர்ந்தால் செரிமானம் நின்றுவிடும் என்பதால், வெப்பத் தகட்டைத் தெர்மோஸ்டாட்டோடு (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) பொருத்தி, சூடான பக்கத்தில் தரை 32 பாகை வரும்படி வைத்து, இன்னொரு பக்கத்தைக் குளிர்ச்சியாக விடுங்கள். கூண்டை ஒரு வாரம் முன்பே ஓடவிட்டு, இரவிலும் அந்த அளவு நிற்கிறதா என்று பார்த்த பிறகு பல்லியைக் கொண்டு வாருங்கள்.